வள்ளல் என்று அடித்தால்

செல்வதாஸின் மகன் தன் கடை வாசலில் வந்து நிற்பான் என்று பெமிலா கனவிலும் நினைத்ததில்லை. திருவட்டாறு சந்திப்பில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் டி.டி.பி. கடை அவளுடையது. கல்யாணக் கார்டு, ஞானஸ்நானக் கார்டு, மரண அறிவிப்பு, தாலுகா ஆபீசுக்குப் போகும் மனு எல்லாம் அங்கேதான். ஊரில் யார் பிறந்தாலும் செத்தாலும் அவள் விரல் படாமல் காரியம் நடக்காது. செல்வதாஸ் வீட்டார் மட்டும் வரமாட்டார்கள். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதுகூட போஸ்டர் அடிக்க மார்த்தாண்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய மானஸ்தர்கள்.

அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஜெனின், கல்ஃப் நாட்டில் இருந்துவிட்டு வந்து இப்போது அப்பாவின் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவன், செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

“மாமி, ஒரு காரியம் இருக்கு.”

“இரி மக்களே,” என்றாள் பெமிலா. வாயில் மக்களே என்று வந்ததே தவிர வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஊரில் அவளுக்குப் பெயர் பிளாப்பி. பெமிலா என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘பிளாப்பி கடையில குடுத்தா சாயங்காலமே கிட்டும்’ என்பார்கள். ‘பிளாப்பிக்க அம்மைக்கு சொகமில்லியாம்’ என்பார்கள். இப்போது சொல்லும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. பிளாப்பி என்று ஒரு பொருள் இருந்ததே தெரியாது. பெமிலாவுக்குத் தெரியும். செல்வதாஸுக்கும் தெரியும்.

அப்போது அவளுக்குக் கல்யாண வயது. அவள் வேலை பார்த்த செல்வதாஸின் அச்சாபீசில் கம்ப்யூட்டர் வந்த புதுசு. கடையில் கிடைத்த தமிழ் எழுத்துகளைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சலாக வரும். எல்லாம் நோஞ்சான் எழுத்துகள், ஊதினால் சாயும். அதனால் தானே வரைந்தாள். கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலில் வரைந்து, ஸ்கேன் செய்து, திரையில் ஓரம் பிடித்து ஒழுங்காக்கினாள். ழகரத்துக்குத்தான் அதிகப் பாடுபட்டாள். இந்தப் பக்கத்துக்காரர்கள் ழ சொன்னால் நாக்கு சுத்தமாக மடங்கும், அது கண்ணுக்கும் அப்படியே தெரியவேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். கீழே இறங்கும் வாலை ஒரே இழுப்பில் இழுத்து நுனியைச் சற்றே தூக்கிவிட்டாள். அந்த ழ உலகத்தில் வேறு எந்த எழுத்துருவிலும் கிடையாது.

அந்தக் காலத்து எழுத்துரு இரண்டு கோப்பாக வரும். ஒன்றில் எழுத்தின் உருவம், மற்றதில் எழுத்தின் அகலம். புருஷனும் பெண்டாட்டியும் மாதிரி, ஒன்றை விட்டுவிட்டு வந்தால் மற்றதைக் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் சேர்க்காது. உருவம் உள்ள கோப்பின் தலைப்பில் உண்டாக்கியவர் பெயரை எழுதி வைக்கலாம். சாதாரண நோட்பேடில் திறந்தாலே அந்த வரி தெரியும், அதற்குக் கீழே எல்லாம் வெறும் கிறுக்கலாக இருக்கும். பெமிலா தன் பெயரை எழுதி வைத்தாள். கொஞ்ச நாள் கழித்துத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் செல்வதாஸ் என்று இருந்தது. எழுத்துருவுக்குச் செல்வச்சுடர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

நேரே போய்க் கேட்டாள். செல்வதாஸ் மேசையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “எனக்க கம்ப்யூட்டர், எனக்க கரன்டு, எனக்க சம்பளம். எழுத்து மட்டும் உனக்கதாட்டி?” என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அந்த இரண்டு கோப்பையும் ஒரு பிளாப்பியில் நகல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெற்ற பிள்ளையை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்றுதான் நினைத்தாள். வாசலில் செல்வதாஸ் நின்றார். பையை வாங்கி எல்லார் முன்னாலும் தலைகீழாகக் கவிழ்த்தார். சோற்றுப் பாத்திரம் உருண்டது, குடை விழுந்தது, கடைசியாகக் கறுப்புச் சதுரமாக அந்தப் பிளாப்பி விழுந்தது. பாடகர் குழு பயிற்சிக்குப் போகிறவர்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். செல்வதாஸ் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

“கள்ளி.”

அதோடு முடிந்தது. மேக்காமண்டபத்திலிருந்து வந்த சம்பந்தம் முந்தின வாரம் வரைக்கும் இனித்தது, அடுத்த வாரம் ஆளையே காணோம். பிறகு வந்த சம்பந்தங்களும் எங்கேயோ எதையோ கேள்விப்பட்டுத் திரும்பிப் போயின. அம்மா நேசபாய் அதுவரைக்கும் சபையில் முன்பெஞ்சுக்காரி. மறு ஞாயிறு கடைசிப் பெஞ்சுக்குப் போனவள் இன்றுவரை எழுந்து முன்னே வரவில்லை. செல்வதாஸோ அந்த எழுத்தை ஜில்லா முழுக்க விற்று, பரிசு வாங்கி, பொன்னாடை வாங்கி, சபைக்குப் பந்தல் போட்டார், மைக்செட் வாங்கிக் கொடுத்தார். அவர் படம் போட்ட ஃபிளக்ஸ் ஒவ்வொன்றிலும் பெயருக்கு முன்னால் வள்ளல் என்று வர ஆரம்பித்தது. வள்ளல் செல்வதாஸ். அதையும் பெமிலாவின் எழுத்திலேயே போட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டால் அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இப்போது அந்த வள்ளலின் மகன் பென்டிரைவை மேசைமேல் வைத்தான்.

“சபைக்கு அப்பா மணிக்கூண்டு கெட்டிக் குடுக்காருல்லா. கல்லு வைக்கணும். கல்லுல எழுத்து செல்வச்சுடர்லதான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. ஆரல்வாய்மொழியில கல்லு வெட்டுற ஆறுமுகப்பெருமாள் சாரு புது மெஷினு எறக்கியிருக்காரு. அது இந்தப் பழைய ஃபைலெ ஏத்துக்கிட மாட்டேங்குது மாமி. இந்த ஃபார்மேட்டெ எல்லாரும் கைவிட்டாச்சாம்.”

“சென்னையில ஆள் இல்லியா மாத்தித் தர?”

“ரெண்டு எடத்துல குடுத்தாச்சு. எழுத்தெல்லாம் துண்டு துண்டா கெடக்குண்ணு சொல்லுதானுவ. கொம்பு தனியா, காலு தனியா, சுழி தனியா. எந்தத் துண்டு எதோட சேரும்னு உண்டாக்கின ஆளுக்குத்தான் தெரியுமாம்.”

“உண்டாக்கின ஆளு உனக்க வீட்டுலதானே இருக்காரு. கேக்க வேண்டியதுதானே?”

ஜெனின் தலையைச் சொறிந்தான். “அப்பாவுக்கு ஓர்மை இல்லியாம். வயசாச்சுல்லா. நீங்க அந்தக் காலத்துல இந்த எழுத்துல அடிச்சிட்டு இருந்ததா நம்ம அச்சாபீசுல நின்ன ஜெபதாஸண்ணன் சொன்னாரு. அதான் வந்தேன். அப்பாகிட்ட சொல்லாண்டாம் மாமி. சென்னையில செஞ்சதா நான் சொல்லிக்கிடுவேன்.”

பாவம், பையனுக்கு ஒன்றும் தெரியாது. அடித்துக்கொண்டிருந்தாளாம். பெமிலாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். பென்டிரைவைச் சொருகி நோட்பேடில் திறந்தாள். தலைப்பு வரி அப்படியே இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

“புது ஃபைல்லயும் உண்டாக்கின ஆளு பேரெ எழுதணும் மக்களே. ஆருக்க பேரெ எழுதட்டு?”

உண்மையாகத்தான் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்திருந்தால், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் கை அங்கேயே நின்றிருக்கும்.

“இதென்ன கேள்வி மாமி? அப்பா பேருதான். கல்லுலயும் அடியில ஒரு வரி வருது. எழுத்து வடிவம் செல்வதாஸ்ண்ணு.”

“கல்லுலயா?”

“ஆமா, கல்லுல. காலாகாலத்துக்கும் நிக்கும்லா.”

“செரி,” என்றாள் பெமிலா. “வியாழக்கிழமை வா. சபைக் காரியம்லா, ஒண்ணும் தரண்டாம்.”

அன்று மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷம் கழித்துத் தன் எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். அவை ஃபிளக்ஸில் வெயில் காய்ந்து நிற்பதைத்தான் இத்தனை காலமும் பார்த்தாள். இப்போது ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அதன் புள்ளிகளைத் தொட்டு, துண்டுகளைப் பொருத்தினாள். எந்தக் கொம்பு எதோடு சேரும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே தெரிந்தது. ழ வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வால் நுனி அன்றைக்குத் தூக்கிய அதே இடத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போனாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய ஃபார்மேட் புத்தியில்லாத நேர்மைக்காரன். நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்களோ அதில் உள்ள உருவத்தைக் காட்டும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புதிய ஃபார்மேட் அப்படி இல்லை, அதற்குள் விதி எழுதி வைக்கலாம். க வந்து, பின்னால் உகரம் வந்தால், இரண்டையும் எடுத்துவிட்டு கு காட்டு என்று ஒரு விதி. த வந்து உகரம் வந்தால் து காட்டு என்று ஒரு விதி. அடித்த எழுத்து ஒன்றாகவும் கண்ணில் படும் உருவம் வேறாகவும் இருக்கும். இப்படி விதிகள் இல்லாமல் புதிய ஃபார்மேட்டில் தமிழே வராது. அதனால் ஒரு தமிழ் எழுத்துருவுக்குள் நூற்றுக்கணக்கில் விதி இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உள்ளே போய் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க யாருக்கு என்ன பைத்தியமா?

பெமிலா எல்லா விதியையும் ஒழுங்காக எழுதினாள். கடைசியில் ஒன்று கூடுதலாக எழுதினாள். வ, ள், ள, ல் என்ற நான்கும் இதே வரிசையில் அடுத்தடுத்து வந்தால், எடுத்துவிட்டு க, ள், ள, ன் காட்டு.

உண்டாக்கியவர் பெயர் என்ற இடத்தில் செல்வதாஸ் என்று, ஒரு எழுத்து குறையாமல், அவளே அடித்தாள். இது உன் பிள்ளைதானே, இனி இது செய்வதற்கெல்லாம் நீயே பதில் சொல் என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனபோது முகத்தில் என்ன இருந்ததோ, நேசபாய் கட்டிலில் இருந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள். “ஏட்டி, என்னத்துக்குச் சிரிக்கிய?”

“ஒண்ணுமில்ல. மணிக்கூண்டு தெறப்புக்கு நாம ரெண்டுபேரும் போறோம். முன்பெஞ்சுல இருக்கோம்.”

“அவனுக்க கூண்டுக்கு நான் என்னத்துக்கு வரணும்? சவத்தெ விடு மக்கா. ஆண்டவரு பாத்துக்கிடுவாரு.”

“அவரு பாத்துக்கிட்டு மட்டும்தானே இருக்காரு,” என்றாள் பெமிலா.

வியாழக்கிழமை ஜெனின் வந்தான். எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினாள். அவனே கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டான். முதலில் தன் பெயரை அடித்தான், வந்தது. அப்பா பெயரை அடித்தான், வந்தது. வாழைப்பழம் என்று அடித்து, “இந்த ழ கொள்ளாம் மாமி, வேற எதுலயும் இப்பிடி வராது,” என்றான். பிறகு வ அடித்தான். பெமிலாவின் கை அவளை அறியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்தது. ண அடித்தான். வணக்கம் என்று முடித்துவிட்டு எழுந்தான்.

எந்த வேலையைக் கொடுக்கும்போதும் பெமிலா சொல்லும் ஒரு வாடிக்கை வார்த்தை உண்டு. முப்பது வருஷத் தொழிலில் அதைச் சொல்லாமல் ஒரு தாளை அவள் வெளியே விட்டதில்லை. அன்றும் சொன்னாள்.

“நல்லா வாசிச்சுப் பாருங்க. வல்லதும் தப்பிருந்தா சொல்லுங்க, திருத்தித் தாறேன்.”

“ஒரு தப்பும் இல்ல மாமி. இனி கல்லுக்காரருக்கு எப்பிடி அனுப்பணும்?”

அவள் காத்திருந்த கேள்வி. டி.டி.பி. கடையில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும், கல்லுக்கும் ஃபிளக்ஸுக்கும் எழுத்தை எழுத்தாக அனுப்பக்கூடாது. திரையில் அமைத்து, கண்ணால் பார்த்து, இனி மாறாதபடி வெறும் கோடாக மாற்றி அனுப்பவேண்டும். கல்ஃபில் ஏசி ரிப்பேர் பார்த்தவனுக்கு அது எங்கே தெரியும்?

“எழுத்து ஃபைலெ தனியா அனுப்பு. என்ன வாசகமோ அதெ கமிட்டி வாட்ஸப்புல போட்டு எல்லாரும் வாசிச்சு ஒத்துக்கிட்ட பெறகு, அப்படியே எடுத்துக் கல்லுக்காரருக்கு அனுப்பு. அவரு மெஷின்ல ஒட்டிக்கிடுவாரு. நீ ஒண்ணும் தட்டண்டாம். தட்டினா தப்பு வரும்.”

“தேங்ஸ் மாமி,” என்றான் ஜெனின். நல்ல பையன். படி இறங்கிப் போகும்போது பெமிலாவுக்கு அவனை நினைத்து ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. ரோட்டுக்கு அப்பால் மின்கம்பத்தில் வள்ளல் செல்வதாஸ் பொன்னாடையோடு கைகூப்பிக்கொண்டிருந்தார். சங்கடம் போய்விட்டது.

பிறகு நடந்ததைச் சந்திப்பில் பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள், கூட்டிக் கழித்தால் இவ்வளவுதான். கமிட்டி வாட்ஸப்பில் வாசகம் போட்டார்கள். ஓர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒற்றுப்பிழை திருத்தினார், இன்னொருவர் மகிமையா கனமா என்று சண்டை போட்டார், கடைசியில் எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். ஃபோனில் வருவது ஃபோனின் சொந்த எழுத்து. அதில் வள்ளல் வள்ளலாகவே இருந்தார். அந்த வாசகம் ஆரல்வாய்மொழிக்குப் போனது. ஆறுமுகப்பெருமாள் முதலில் ஒரு அச்சு எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கமிட்டியே பார்த்தாகிவிட்டது, நாள் இல்லை, வெட்டுங்கள் என்று ஜெனின் சொல்லிவிட்டான். மெஷினில் நின்றவன் ராஜஸ்தான்காரன், தமிழில் அவனுக்குப் பரோட்டா மட்டும் தெரியும். ஆறுமுகப்பெருமாள் மகளுடைய பிரசவத்துக்காக ஆசுபத்திரியில் இருந்தார். கறுப்புக் கல், தங்க எழுத்து, முகத்தில் தாள் ஒட்டி, சாக்கில் சுற்றி வேனில் வந்தது. சுவரில் பதித்தவர்கள் வங்காளத்துப் பையன்கள். தாளை உரித்த கையோடு பட்டுத்துணியால் மூடினார்கள். பிஷப் ஐயா திறப்பதற்கு முன்னால் ஒருத்தரும் பார்க்கக்கூடாது என்று செல்வதாஸே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். தானாகவே காவல் இருந்திருக்கிறார் மனுஷன்.

திறப்பு நாளில் பெமிலா மயில்கழுத்து நிறச் சேலை கட்டினாள். நேசபாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பந்தலில் முன்வரிசையில் உட்கார வைத்தாள். “பிளாப்பியும் தள்ளையும் முன்ன வந்து இருக்காவ பாத்தியா,” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பெமிலா திரும்பவில்லை. செல்வதாஸ் வெள்ளைச் சட்டையும் வெள்ளை முண்டுமாக மேடையில் இருந்தார். அவள் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. பிஷப் ஐயா கயிற்றை இழுத்தார், துணி நழுவியது. கல்லை உரக்க வாசிப்பது அந்தச் சபையில் வழக்கம். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கணீரென்று தொடங்கினார்.

“ஆண்டவருடைய மகிமைக்காக இம்மணிக்கூண்டைக் கட்டிக் கொடுத்தவர், க...”

நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் வாசிக்காவிட்டால் என்ன, பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கண் இருக்கிறதே. முழங்கை நீளத்துக்குத் தங்க எழுத்து.

கள்ளன் செல்வதாஸ்.

யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, சேலைத் தலைப்புக்குள் போய் ஒளிந்தது. நாலைந்து ஃபோன்கள் தலைக்குமேல் உயர்ந்தன. பெமிலா கல்லையே பார்த்தாள். என்ன அழகான எழுத்து. கவும் ளவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லவேண்டாம், அப்படி நிறைந்துவிட்டது.

செல்வதாஸ் கல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஆறுமுகப்பெருமாளைப் பார்த்துக் கத்தினார். “என்னவே செஞ்சு வச்சிருக்கீரு? உம்ம சும்மா விடமாட்டேன்.”

ஆறுமுகப்பெருமாள் அசரவில்லை. நாஞ்சில்நாட்டு வெள்ளாளர், சத்தம் போடாமல் பேசுகிறவர். ஃபோனை எடுத்து பிஷப்பிடம் நீட்டினார். “ஐயா, இது அவங்க அனுப்பின வாசகம். வள்ளல்னுதான் இருக்கு. இப்ப நீங்களே பாருங்க.” கூட வந்த மெஷின்காரனின் லேப்டாப்பை மேடையில் வைத்து, அதே வாசகத்தை ஒட்டி, செல்வச்சுடர் எழுத்துக்கு மாற்றினார். எல்லார் கண் முன்னாலும் வள்ளல் கள்ளன் ஆனார். மறுபடி சாதாரண எழுத்துக்கு மாற்றினார், வள்ளல் ஆனார். “எங்க மெஷின் சொந்தமா ஒரு கோடு போடாது ஐயா. கோளாறு எழுத்துக்குள்ள இருக்கு. அதை உண்டாக்கினது யாரோ அவங்ககிட்டதான் கேக்கணும். பேரு கல்லுலயே இருக்கே.”

எல்லாரும் கல்லின் அடிவரியைப் பார்த்தார்கள். எழுத்து வடிவம்: செல்வதாஸ்.

பிஷப் ஐயா மெதுவாகக் கேட்டார். “இது நீங்கள் உண்டாக்கிய எழுத்துதானே?”

இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ மேடையில் ஆமாம் என்று சொன்ன வாய். இப்போது ஆமாம் என்றால் தன்னைத் தானே கள்ளன் என்று கல்லில் எழுதிக்கொண்ட கிறுக்கன் என்று ஆகும். ஜெனின் மேடை ஏறி அப்பாவின் காதில் ஏதோ சொன்னான். கிழவரின் முகத்தில் ரத்தம் ஏறுவது முன்வரிசைக்குத் தெரிந்தது. பிஷப்பின் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

“இது எனக்க எழுத்தில்ல,” என்றார். “அன்னா இருக்காளே, அந்தக் கள்ளிக்க எழுத்தாக்கும். அவதான் வரைஞ்சா. அகரம் முதக்கொண்டு ஒவ்வொண்ணும் அவதான் வரைஞ்சா. எனக்கு அதுல ஒரு புள்ளி வைக்கத் தெரியாது. அவளெ கேளுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பழைய சாயங்காலம் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் இப்போதும் அங்கே இருந்தார்கள், நரைத்துப்போய். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பிஷப் ஐயா முன்வரிசைக்குத் திரும்பினார். “அம்மா, இந்த எழுத்து உங்களுடையதா?”

பெமிலா இதுவரைக்கும்தான் யோசித்திருந்தாள். கல்வரை யோசித்தாள், கல்லுக்கு அப்பால் யோசிக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். ஃபைலுக்குள் அவள் பெயர் எங்கேயும் கிடையாது. செய்தது சென்னையில் என்று ஜெனினே வீட்டில் சொல்லியிருக்கிறான். கிழவர் பொய்யும் பித்துமாக உளறுகிறார் என்று ஆகிவிடும். ஆமாம் என்றாலோ, கோயில் கல்லைக் கெடுத்தவள் அவள்தான். சபை விலக்கும், போலீசும் வரலாம், கடைக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. நேசபாய் அவள் கையை இறுகப் பிடித்தாள். “இல்லண்ணு சொல்லு மக்கா,” என்று முணுமுணுத்தாள். “எனக்கு வேண்டி இல்லண்ணு சொல்லு.”

இல்லை என்றால் அந்த ழ யாருடையது? மறுபடியும் அந்த ஆளுடையதா?

பெமிலா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆமா ஐயா. எல்லாம் எனக்க எழுத்தாக்கும்.”

“அந்தச் சொல்லும்?”

“அதும் எனக்கதுதான்.”

பிறகு அவள் பிஷப்பை விட்டுவிட்டு மேடையில் நின்ற செல்வதாஸைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாடிக்கைக்காரரிடம் பேசும் அதே குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்.

“நல்லா வாசிச்சுப் பாருங்க சார். வல்லதும் தப்பிருந்தா சொல்லுங்க, திருத்தித் தாறேன்.”

மைக் அவர் கையில்தான் இருந்தது. அவர் கல்லை ஒருமுறை வாசித்தார், மைக்கைப் பிஷப்பிடம் திருப்பிக் கொடுத்தார்.